பக்கப்பாதையில் ஏழு நிமிடம்

தம்பலகாமத்துப் பக்கப்பாதை, என் கணினியில்,
இருநூற்றுத் தொண்ணூறு மீற்றர்.
சீனக்குடாவுக்கு வரும் எண்ணெய் வண்டி
முந்நூற்றுப் பன்னிரண்டு.
இந்தக் கழித்தல் கணக்கைக் கண்டுபிடிக்க
எனக்கு இரண்டு இரவு போனது.

முதல் இரவு
'நிறுத்தம்' என்று மட்டும் எழுதினேன்.
எந்த மேடை என்று கேட்டது நிரல்.
மேடை இல்லை.
எருக்கலையும் சரளைக்கல்லும்தான்;
ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை,
மெயிலுக்கு வழி விட்டு
ஒதுங்கி நிற்பது மட்டுமே வேலை என்று
அதற்கு எப்படிச் சொல்வது?
'ஒன்று' என்று பொய் எழுதினேன்.
எண்ணெய்த் தாங்கிகள்
பயணிகளுக்குக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
விடியும்வரை நின்றன.

இரண்டாம் இரவு
மேடைக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
வருகை 19:42. புறப்பாடு 19:49.
சரியாக வந்தது. சரியாக நின்றது.
வால் மட்டும் உள்ளே வரவில்லை.
கடைசி இருபத்திரண்டு மீற்றர்
கந்தளாய்ப் பக்கத்துப் பொயின்ற்றின் மேல் கிடக்க,
திருகோணமலையிலிருந்து வந்த மெயில்
சிவப்புக் கைகாட்டியில் நின்றுகொண்டது.
மெயில் போனால்தான் இது நகரும்.
இது நகர்ந்தால்தான் மெயில் போகும்.
பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.
நிரலைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு:
இரண்டும் விதிப்படிதான் காத்திருந்தன.
நான் படுக்கப் போனேன்.

செபநேசனுக்கு மா ஆலையில் இரவு வேலை.
எனக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பகல்.
மாலையில் நான் வரும்போது அவன் போயிருப்பான்.
காலை ஆறு பத்துக்கு அவன் சைக்கிள் உள்ளே வரும்,
ஆறு பதினேழுக்கு என் ஸ்கூட்டி வெளியே போகும்.
இடையில் ஒரு தேநீர்,
கரண்ட் பில், காஸ் சிலிண்டர்,
அவன் புருவத்தில் ஒட்டிய மாவை நான் ஊதுவது.
அன்று அந்த ஏழு நிமிடத்தில்
வண்டிகளின் முட்டுக்கட்டையைச் சொன்னேன்.
ரஸ்க்கைத் தோய்த்தபடி கேட்டான்.
கதை எங்கே திரும்பப்போகிறது என்று
அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.
"என்னை உதாரணமாக்காதே," என்றான்.
"அந்த வண்டிக்கு நீளம் கூட. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

மூன்றாம் இரவு
ஒரு நுளம்புத்திரி பாதி எரியுமட்டும்
பாதையை நீட்டிவிடலாமா என்று யோசித்தேன்.
ஒரு எண்ணை மாற்றினால் போதும்;
சரளை கொட்ட வேண்டாம், வயலை வெட்ட வேண்டாம்,
யாரிடமும் ஒப்பம் வாங்க வேண்டாம்.
ஆனால் அதற்கப்பால் வாய்க்கால் இருக்கிறது.
நான்தான் வரைந்தேன் அந்த வாய்க்காலை,
நீல நிறத்தில், ஒரு ஞாயிறு முழுக்க.

ஆகவே வண்டியைக் குறைத்தேன்.
கந்தளாயில் இரண்டு தாங்கி கழற்று.
இருநூற்று எண்பத்தெட்டு.
முன்னே ஒரு மீற்றர், பின்னே ஒரு மீற்றர்
மூச்சுவிட.
19:42க்கு முழுதாய் உள்ளே ஒடுங்கியது.
19:46க்கு மெயில்
வேகம் குறையாமல் பக்கத்தால் போனது:
ஒரு மஞ்சள் கோடு ஒரு பச்சைக் கோட்டைக் கடப்பது,
கண்ணிமைத்தால் தெரியாது.
நான் இமைக்கவில்லை.

வெளியே, ஸ்டேஷன் பக்கம், நிஜக் கோச்சி ஊதியது;
இன்றைக்கும் பிந்தித்தான்.
மான்கள் தண்டவாளத்தில் படுத்திருந்திருக்கும்.
என் அட்டவணையில்
கந்தளாய்க்கு அங்கால் யானைக்கென்று
ஆறு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.
மானை மறந்துவிட்டேன்,
கடைவாசலில் தினமும் சுகம் விசாரிக்கும் மானை.

திரையை மூடப் போகையில்தான் கண்டேன்:
கழற்றிய இரண்டு தாங்கியும்
இன்னும் கந்தளாயிலேயே,
ஒரு சின்னச் சிவப்புத் துண்டாக.
இழுக்க எஞ்சின் இல்லை. வண்டி இலக்கம் இல்லை.
புறப்பாட்டுக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை.
நாளைய மெயில்
அங்கே எந்தப் பாதையால் போகும்?

மணி பத்தே முக்கால்.
ஆறு பத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிறது.
புது வரிசை ஒன்றைத் திறந்தேன்.